சைக்கிள் டியூப் மாட்டாத குழாய்

உன் பட்டறை மின்சாரம் பின்வீட்டுக் குழாயில் வருகிறது. அது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் தினமும் ரம்பத்தை ஓட்டுகிறாய்.

கடிதத்தை இப்படித் தொடங்கியதற்கு நீ கோபப்படுவாய். நலமா, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம். நீ நலமாக இருக்கிறாய் என்பதை நேரில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். போனில் சொல்ல முயன்றேன். மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று வைத்துவிட்டாய். மெஷின் ஓடாத நேரம் பார்த்துக் கூப்பிட்டபோதும் அதையே சொன்னாய். அதனால் எழுதுகிறேன், ஊரார் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். உன் பெயரை எழுதவில்லை. பின்வீட்டுப் பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் மெஷின் போட்டிருக்கிற பிள்ளைகள் நம் வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் எல்லோரும் என்னைப் போல மோட்டார் கட்டுகிறவர்கள் இல்லை.

என் சந்தேகப் புத்தியைப் பற்றி நீ உன் மாமனாரிடம் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரித்துக்கொள். அந்தப் புத்தியில்தான் நீ வளர்ந்தாய். காரைக்குடியில் நம் கடைக்கு எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் உண்மையைச் சொல்லி இறக்கிவைத்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு என்பார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வேறு கதை சொல்லும். ஒரு ஃபேஸ் இல்லாமலே ஓட்டியிருப்பார்கள். தண்ணீர் இல்லாத போர் கிணற்றில் பகல் முழுவதும் விட்டிருப்பார்கள். பியூஸ் போகிற இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றியிருப்பார்கள். எல்லோரும் மோட்டார்தான் மோசம் என்பார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவன். எது எப்படி எரிந்திருக்கும் என்று என்னோடு போட்டிபோட்டுச் சொல்லுவாய். பாதி நாள் நீதான் ஜெயிப்பாய். அதனால்தான், எனக்குத் தெரியாது என்று நீ சொன்னால் என்னால் நம்ப முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நீ பட்டறைக்குப் படம் போட்டு எடுத்துவந்தாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோயம்புத்தூரில் மரச்சாமான் கம்பெனியில் உழைத்தது போதும், இடிக்கிற வீடுகளின் பழைய உத்திரத்தையும் நிலையையும் வாங்கி மேசை நாற்காலி செய்து விற்கப்போகிறேன் என்றாய். தேவகோட்டையில் பெண் வீட்டார் தங்கள் வீட்டு மாடியையும் கார் கொட்டகையையும் உங்களுக்குத் தந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று நம் சொந்தத்தில் முணுமுணுத்தார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. உன் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படம். ரம்பத்தை நடுவில் வைத்திருந்தாய். நீளக் கட்டை உள்ளே நுழையவும் அறுபட்டு வெளியே வரவும் முன்னும் பின்னும் இடம் விட்டிருந்தாய். கம்ப்ரெஸரைக் கொட்டகைக்கு வெளியே கூரை இறக்கித் தனியாக வைத்திருந்தாய், சத்தமும் தூசியும் சேராதபடி. விளக்குக்குத் தனி லைன் போட்டிருந்தாய். மெஷின் லைன் விழுந்தால் விளக்கும் சேர்ந்து அணையக்கூடாது, சுற்றிக்கொண்டிருக்கிற ரம்பத்துக்கு முன்னால் இருட்டில் நிற்கக்கூடாது என்று நீயே காரணமும் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் படத்தில் இருந்த ஒன்று இன்றைக்குக் கொட்டகையில் இல்லை. வாசல் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, எர்த் குழி என்று எழுதியிருந்தாய்.

அந்தக் குழி ஏன் வரவில்லை என்று நான் கேட்டது உன் மாமனாரிடம். கல்யாணம் முடிந்து மறுவீடு வந்தபோது, எல்லோரும் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் கெட்ட மனிதர் இல்லை. பந்தியில் எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பரிமாறியவர். ஆனால் குழி என்றதும் முகம் மாறிவிட்டது.

“சம்பந்தியம்மா, நீங்க தொழில் தெரிஞ்சவுக, நான் இல்லேங்கல. ஆனா உப்பையும் கரியையும் மூட்டையா கொண்டாந்து வாசல்ல கொட்டிப் பொதைச்சா போறவுக வாரவுக என்ன நெனைப்பாக? சின்னஞ்சிறுசுக இப்பத்தான் குடும்பம் நடத்த வந்திருக்குதுக. எவனாச்சும் செய்வினை வச்ச மாதிரில்ல இருக்கும்.”

நான் சிரிக்கவில்லை. நம் பக்கத்தில் வாசல் மண்ணில் உப்பு, கரி, எலுமிச்சம்பழம் என்று எது கிடந்தாலும் நெஞ்சு திக்கென்பது எனக்கும் தெரியும். அதனால் விளக்கமாகவே சொன்னேன். நம் சீமை செம்மண்ணும் செம்பூரான் கல்லும். கோடையில் காய்ந்து பாறையாகிவிடும். வெறும் கம்பியை இறக்கினால் கசிகிற மின்சாரத்தை மண் வாங்காது. உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கு. ஒவ்வொரு செல்போன் டவருக்கு அடியிலும் அப்படிக் குழி இருக்கிறது, யார் குடும்பமும் கெடவில்லை என்றேன். உப்பு வேண்டாமென்றால் இப்போது அதற்கென்று பொடி விற்கிறது, குழாயோடு சேர்த்து இறக்கிவிடலாம் என்றும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “பொடின்னாலும் பொதைக்கிறது பொதைக்கிறதுதானேம்மா” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பேச்சு அதோடு போய்விட்டது.

அன்றைக்கு அதை நம்பினேன். நீங்கள் பெண் வீட்டிலேயே இருப்பதால், ஆடிக்கு உங்களை அழைக்க நான் வந்தபோது நம்பிக்கை போய்விட்டது. அதே வாசலில், நீ வட்டம் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, கேமராவுக்கு இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார். குழி தோண்டித்தான் நட்டிருக்கிறார். அதில் எதையும் புதைக்கப் பயப்படவில்லை. கல்யாணத்துக்காக வாசல் முழுக்கச் சிமெண்ட்டுக் கல் பதித்தார்களே, கம்பத்துக்கு அதில் ஓரக்கல் ஒன்றைப் பெயர்த்தால் போதும். எர்த் குழிக்கு நாலைந்து வரிசை பெயர்க்க வேண்டும், திரும்பப் பதித்தால் நிறம் ஒட்டாது. செய்வினைப் பயம் என்று அவர் சொன்னதெல்லாம் கல்லைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறேன். என் நினைப்பு தப்பாக இருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் நடக்காத பல வேலைகளுக்கு அடியில் இப்படி ஒரு பதித்த கல் இருக்கும். மேலே சாமி பெயரோ பேய் பெயரோ எழுதியிருக்கும். பாதிக்கப்படுகிறவர் கொல்லைப்புறத்தில் இருப்பார்.

கொல்லைப்புறத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்கிறேன். சகாயமேரி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பின்வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். புருஷன் வெளியூரில் வேலை. அன்றைக்கு உங்களை அழைக்க வந்தபோது நீங்கள் கிளம்பத் தாமதமானது. நான் கொல்லைப்பக்கம் போனேன். அவள் குழாய்க்குக் கீழே வாளியை வைத்துவிட்டு, முந்தானையை நாலாக மடித்துப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். சூடான சட்டியை இறக்குகிற மாதிரி. என்னம்மா இது என்று கேட்டேன்.

“நீங்க மோட்டார் கடை அக்காதானே? இதுல என்னமோ சுருக்கு சுருக்குன்னு இழுக்குதுக்கா. எப்பவும் இல்ல. அந்த அறுக்குற சத்தம் கேக்குறப்ப மட்டும். வீட்டுக்கார அய்யாகிட்ட சொன்னேன். ஈரக்கையோட தொடாதீகன்டாக. குழாய ஈரமில்லாம எப்புடிக்கா தொடுறது?”

உனக்குத் தெரிய வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. எந்த மெஷின், எந்த நேரம், எந்த இடம் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குக் கிடைத்த பதில் ஈரக்கை. வாடகை வீட்டுப் பெண் குழாயைக் குறை சொன்னால் வாடகையைக் குறைக்கச் சொல்லப்போகிறாள் என்று வீட்டுக்காரருக்கு ஒரு பயம் வந்துவிடும். உன் மாமியார் அதையே என் காதில் சொன்னார். இவுகளுக்கு எப்பவும் ஒரு குறை இருக்கும் மதினி என்றார். அந்த ‘இவுக’ எனக்குப் பிடிக்கவில்லை. நானும் வாடகை வீட்டில் பிள்ளை வளர்த்தவள்தான். அந்தப் பிள்ளை நீதான்.

கைப்பையில் டெஸ்டர் இல்லாமல் நான் வெளியே போவதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நீ கொட்டகையில் ஒரு கட்டையை அறுத்து முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தாய். ரம்பம் ஓடியது. டெஸ்டரைக் குழாயில் வைத்தேன், அதன் விளக்கு எரிந்தது. ரம்பம் நின்றது, அணைந்தது. மறுபடி ஓடியது, எரிந்தது. சகாயமேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பேச்சை ஒருவர் நம்பிவிட்டார் என்ற நிம்மதியில் அவளுக்குப் பயப்படக்கூடத் தோன்றவில்லை. நான்தான் பயந்தேன்.

பிறகு தேட வேண்டியிருக்கவில்லை. கொட்டகையிலிருந்து வருகிற பச்சை எர்த் வயர் போர் குழாயில் கிளாம்பு போட்டு முறுக்கியிருந்தது. குழி வெட்ட விடவில்லை என்றதும், போர்தான் மண்ணுக்குள் ஆழமாகப் போகிறதே, அதிலேயே கட்டிவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வயர் இழுத்த ஆளோ, நீயோ. ஆனால் மேலே தெரிவது மட்டும்தான் இரும்பு. உள்ளே இறங்குகிறது முழுக்கப் பிளாஸ்டிக். போர் மோட்டாரை மாற்றியபோது குழாயையும் மாற்றியிருக்கிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இரும்புக் குழாய் இறங்கிய போர் இனிமேல் தேடினால்தான் கிடைக்கும். அப்படியானால் அந்த எர்த் வயர் மண்ணைத் தொடவே இல்லை. போர் வாயில் இருக்கிற இரும்பு வளைவையும், அதிலிருந்து கொல்லைச் சுவரில் ஓடுகிற பழைய இரும்பு லைனையும், அந்த லைனில் இருக்கிற இரண்டு குழாய்களையும்தான் தொடுகிறது. உன் ரம்ப மோட்டார் பழையது, வாங்கும்போதே வைண்டிங் சுருளில் ஈரம் இருக்கிறது, காயவைத்து வார்னிஷ் ஊற்றணும், கடைக்குக் கொண்டு வா என்றேன். அவசரம் என்று கொண்டு போய்விட்டாய். அது கசிகிறது. கசிகிறதை உன் பச்சை வயர் பத்திரமாக எடுத்துப்போய் சகாயமேரியின் கையில் கொடுக்கிறது.

இதுவரை எழுதியதை நீ கவனக்குறைவு என்று ஒத்துக்கொண்டிருந்தால் நான் பிள்ளைக்கு இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பேன். நான் பார்த்த மற்ற இரண்டு விஷயங்கள்தான் என்னை எழுதவைக்கின்றன. ஒன்று, மெயின் போர்டு. கசிவு இருந்தால் தானாக விழுகிற டிரிப்பரை நானே வாங்கிக் கொடுத்தேன். அது இருக்கிறது. வீட்டுக்குப் போகிற லைன் அதன் காவலுக்குக் கீழேதான் இருக்கிறது. பட்டறை லைனும் பின்வீட்டு லைனும் அதற்கு மேலே, மெயினிலிருந்து நேராகப் போகின்றன. அந்த இரண்டு வயரின் முனையும் புதிதாகச் சீவியிருக்கிறது, செம்பு இன்னும் கறுக்கவில்லை. முதலில் சரியாகப் போட்டிருக்கிறாய், பிறகு மாற்றியிருக்கிறாய். ஏன் என்று உன் மனைவி சொன்னாள், பாவம், அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. ரம்பத்தைப் போட்டாலே வீட்டில் கரண்டு போய்க்கொண்டிருந்ததாம். உன் மாமனாருக்குச் சீரியல் பாதியில் நின்றதாம். நீ ஏதோ செய்து சரிபண்ணிவிட்டாயாம். நீ சரிபண்ணவில்லை. கசிகிறது என்று கத்திக்கொண்டிருந்த ஒன்றின் வாயைப் பொத்திவிட்டாய்.

இரண்டாவது, கொல்லையில் இருக்கிற அந்த இரண்டு குழாய்களில் ஒன்று உங்கள் துவைகல்லுக்கு மேலே இருக்கிறது. அதன் திருகில் சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கமாக மாட்டியிருக்கிறது. நேர்த்தியான வேலை. ஓரத்தைக்கூடப் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. நம் கடையில் ஸ்பேனர் பிடிகளுக்கு நீ அப்படித்தான் மாட்டிவைப்பாய். அதே லைனில், கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கை நீட்டும் தூரத்தில் இருக்கிற பின்வீட்டுக் குழாயில் ஒன்றும் இல்லை. வெறும் இரும்பு. அதை முந்தானையால் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள்.

டியூப்பை மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. தண்ணீரிலேயே வருகிறதற்கு டியூப் என்ன செய்யும். ஆனால் மாட்டியவனுக்கு விஷயம் தெரியும். தன் மனைவி கை வைக்கிற குழாய்க்கு மாட்டத் தோன்றியவனுக்கு அடுத்த குழாய் ஏன் தோன்றவில்லை? மறந்துபோயிருக்கும் என்று யாராவது சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு குழாய்க்கும் மாட்டினால் இரண்டிலும் ஏதோ இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அவள் கேட்பாள். பதில் சொல்ல வேண்டிவரும். டிரிப்பரிலும் அதே கணக்கு. வீட்டுக்காரர் தோலுக்குக் காவல், வாடகைக்காரியின் தோலுக்கு ஈரக்கை என்ற அறிவுரை. இதை உனக்கு அந்த வீட்டில் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். யாரும் சொல்லாமலே நீ அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாய்.

நான் கூப்பிட்டதும் வந்தாய். ரப்பர் அடி போட்ட கனத்த ஷூ, கையில் உறை, தலையெல்லாம் மரத்தூள். உன் மாமனாரும் பின்னாலேயே வந்தார். டெஸ்டர் எரிந்ததைச் சொன்னேன். டெஸ்டர் சும்மாவே எரியும்மா, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றாய். உன் மாமனாருக்காகச் சொன்ன பதில் அது. என் கடையில் வளர்ந்தவன் என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, நீ துவைகல்லைப் பார்த்துச் சொன்னாய். அப்போதுதான் சொன்னேன்.

“சரி தம்பி, டெஸ்டர் பொய் சொல்லுது. நீ ஷூவைக் கழட்டு. ஒங்க மாமாவ ரம்பத்தப் போடச் சொல்லு. இந்த ஈரத்துல வெறுங்கால்ல நின்னு இந்தக் குழாயப் பிடி.”

“சம்பந்தியம்மா, என்ன பேச்சு பேசுறீக” என்றார் அவர்.

“ஒண்ணும் இல்லாத குழாய்தானே அண்ணே. மாப்பிள்ளை பிடிக்கலேன்னா நீங்க பிடிங்க.”

யாரும் குழாய்ப் பக்கம் கை நீட்டவில்லை. சகாயமேரி மட்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பெரிய வீட்டுக்காரர்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தால் அதற்கும் பின்னால் ஏதாவது வந்துசேரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ கை உறையைக் கழற்றவும் இல்லை, மாட்டவும் இல்லை, விரலை மட்டும் இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாய். ஒன்று சொல்கிறேன் கேட்டுக்கொள். நீ நிஜமாகவே கையை நீட்டியிருந்தால் நானே உன்னைக் கீழே தள்ளியிருப்பேன். பிடிக்கச் சொன்னது நீ பிடிக்கமாட்டாய் என்று பார்க்கத்தான். பார்த்துவிட்டேன்.

மெயினை இறக்கிவிட்டு, கிளாம்பைக் கழற்றிவிட்டுத்தான் உங்களை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நீங்கள் திரும்பிப் போன பிறகு சகாயமேரி எனக்குப் போன் செய்தாள். சத்தம் மறுபடி கேட்கிறது, குழாய் மறுபடி சுருக்கென்கிறது, தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றாள். இங்கே நான் சொல்லிவிட்டேன். கிளாம்பை நீ மறுபடி மாட்டிவிட்டாய் என்றுதான் அதற்கு அர்த்தம். அவளை வீட்டைக் காலிபண்ணச் சொன்னால், காரைக்குடியில் பிற்பாடு நான் கட்டிய வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. அவளிடமும் சொல்லியாகிவிட்டது. உன் அறைதான் அது.

தொழிலை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய். ஒரு நேரத்தில் எது எது சேர்ந்து ஓடும் என்று உட்கார்ந்து எழுதிப்பார். ரம்பமும் கம்ப்ரெஸரும் ஒன்றாகக் கிளம்பினால் அந்த வீட்டு ஒற்றை ஃபேஸ் தாங்காது. கிளம்பும்போது இழுக்கிற இழுப்பு ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலுக்கென்று தனி இணைப்பு கேள். வாசலில் இரண்டாவது மீட்டர் தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று உன் மாமனார் சொன்னால் கம்பத்தில் கேமரா மாட்டியபோது எங்கே போனது கௌரவம் என்று கேள். பட்டறை சுவிட்ச் போர்டை மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் மாற்றியிருக்கிறாய், அதைத் திரும்பக் கதவோரத்துக்குக் கொண்டு வா. உன் கை மாட்டிக்கொண்டால், நிறுத்த ஓடிவருகிறவர் கட்டைகளைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்து இழைப்பு மெஷினை ஓட்டாதே, சுருளுக்குள் சூடு ஏறி உருகும், மரத்தூள் அதன் மேலேயே விழுகிறது. ரம்ப மோட்டாரைக் கொண்டு வா, நானே பிரித்துக் கட்டித் தருகிறேன். இதெல்லாம் நீ செய்வாய், எனக்குத் தெரியும். இதெல்லாம் உன்னைக் காப்பாற்றுகிற வேலைகள். உன்னைக் காப்பாற்றுகிற வேலையை நீ எப்போதும் சுத்தமாகச் செய்திருக்கிறாய்.

நான் கேட்பது மற்றதை. பட்டறை லைனையும் பின்வீட்டு லைனையும் டிரிப்பருக்குக் கீழே கொண்டு வா. அது விழுந்தால் விழட்டும், சீரியல் நிற்கட்டும். வாசல் கல்லைப் பெயர்த்துக் குழியைத் தோண்டு. உப்பும் கரியும் நானே வாங்கி அனுப்பியிருக்கிறேன், மூட்டை இந்நேரம் உங்கள் வாசலுக்கு வந்திருக்கும். தெருவில் போகிறவர்கள் பார்த்து எதையாவது நினைத்துக்கொள்ளட்டும். கடப்பாரையை நீ பிடி, கூலிக்கு ஆள் பிடிக்காதே. உன் மாமனார் வந்து நின்றால், எதற்காகத் தோண்டுகிறாய், யாருக்காகத் தோண்டுகிறாய் என்று பெயர் சொல்லி அவரிடம் சொல்.

மூட்டை வந்து சேர்ந்ததா என்று கேட்டு நேற்று செய்தி அனுப்பினேன். நீ படித்துவிட்டாய் என்று போனில் காட்டியது. இன்று காலையும் கேட்டேன், அதையும் படித்துவிட்டாய். மறுபடி கேட்கிறேன். ரம்பம் இப்போது ஓடுகிறதா, நின்றிருக்கிறதா? அதை மட்டும் சொல்.